ஊர் கூடிச் சுழற்றிய இறக்கை

செல்லமே, நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போயிருக்கிறாயா? ஆரல்வாய்மொழி தாண்டியதும் முப்பந்தல் வரும். சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள். வயலுக்குள் நிற்கும். பனைமரங்களுக்கு நடுவே நிற்கும். மலையடிவாரம் வரைக்கும் நிற்கும். எண்ணத் தொடங்கினால் பாதியிலேயே கணக்குத் தப்பிவிடும்.

அவற்றில் ஒன்றை மட்டும் உற்றுப் பார். எத்தனை இறக்கை? மூன்று. பக்கத்தில் நிற்பதற்கு? அதற்கும் மூன்று. இன்றைக்குப் புதிதாக நடும் பெரிய காற்றாலை சீனாவில் இருந்தாலும் பிரேசிலில் இருந்தாலும் அநேகமாக மூன்று இறக்கையோடுதான் இருக்கும்.

“ஏன் நான்கு இல்லை? ஏன் இரண்டு இல்லை?” என்று உனக்குக் கேட்கத் தோன்றியதா? சபாஷ்! உன் முதுகில் ஒரு தட்டு. பெரிய பெரிய பொறியாளர்கள் பல பத்து ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது.

அதற்கான விடை ஒரே ஊரில் கிடைக்கவில்லை. ஒரு நாட்டுக்காரர் பாதி கண்டுபிடித்தார். இன்னொரு நாட்டுக்காரர் அதைப் பார்த்து மீதியைத் தேடினார். நம் தென்மாவட்டக் காற்றும் அவர்களுக்குச் சில பாடங்கள் சொல்லிக்கொடுத்தது. வா, அந்த ஊர்களுக்கெல்லாம் ஒரு நடை போய் வருவோம்.

புறப்படுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். காற்று எப்படி மின்சாரம் ஆகிறது?

நீ பட்டம் விட்டிருப்பாய். பட்டம் காற்றுக்குச் சாய்வாக நிற்கும். வரும் காற்றைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிவிடும். காற்றைக் கீழே தள்ளுகிற பட்டத்தைக் காற்று மேலே தள்ளும். உன் கையில் நூல் விண்ணென்று இழுக்கிறதே, அது அந்தத் தள்ளல்தான். காற்றாலை இறக்கையும் இப்படித்தான். அது சாய்வாக நின்று காற்றை ஒரு பக்கம் திருப்பிவிடுகிறது. காற்று அதை மறுபக்கம் தள்ளுகிறது. பட்டமென்றால் மேலே போய்விடும். இறக்கை நடுவில் ஓர் அச்சோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. அதனால் எங்கும் போக முடியாமல் வட்டமடிக்கிறது.

இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் மேலே உள்ள பத்தியை இன்னொரு தடவை படி. அவசரமே இல்லை.

இறக்கை சுழன்றால் அச்சு சுழலும். அச்சோடு ஒரு ஜெனரேட்டர் இணைந்திருக்கும். அதற்குள் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் சுழன்றால் கம்பியில் மின்சாரம் ஓடும். அவ்வளவுதான். அடுப்பு கிடையாது, புகை கிடையாது.

அனல்மின் நிலையத்தில் என்ன நடக்கிறது? நிலக்கரியை எரித்து, நீராவி உண்டாக்கி, அதைக் கொண்டு ஜெனரேட்டரைச் சுழற்றுகிறார்கள். உன் வீட்டு மின்விசிறி ஏறத்தாழ 13 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். அந்த ஒரு யூனிட்டுக்காக நிலக்கரி கக்கும் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 1 கிலோ. காற்றாலை சுழலும்போது அதுபோல எதையும் கக்காது. ஆனால் அதைச் செய்ய இரும்பு வேண்டும், சிமென்ட் வேண்டும். அவற்றைத் தயாரிக்கும்போது புகை வரும். அதையும் நேர்மையாகக் கணக்கில் சேர்த்தால் யூனிட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம்தான் வருகிறது. குறைந்த கார்பன் தொழில்நுட்பம் என்று பெரியவர்கள் பேசுகிறார்களே, அது இந்த மாதிரிக் கருவிகளைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஒரு புகைபோக்கி கக்கும் கார்பன் டை ஆக்சைடு ஜெர்மனிக்கு மேலேயே நிற்காது. ஓரிரு ஆண்டுகளில் உலகம் முழுக்கக் கலந்துவிடும். அதில் கணிசமான பங்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வானில் தங்கும். அங்கே எரித்த கரி ராமேஸ்வரத்தையும் சூடாக்கும். முப்பந்தலில் எரிக்காமல் விட்ட கரி ஜெர்மனிக்காரருக்கும் நல்லது செய்யும். அப்படியிருக்க, நல்ல கருவி ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதைத் தன் நாட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் அவருடைய நாட்டு வெயில்கூடக் குறையாது. நினைத்துப் பார், சரிதானே?

இப்போது புறப்படுவோம். முதல் ஊர் ஸ்காட்லாந்தில் இருக்கிறது.

1887ஆம் ஆண்டு. ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் தன் ஓய்வு வீட்டுத் தோட்டத்தில் ஒரு காற்றாடி இயந்திரம் கட்டி வீட்டுக்கு விளக்கேற்றினார். மீதமான மின்சாரத்தை ஊர்த் தெருவுக்கு இலவசமாகத் தருகிறேன் என்றார். ஊர்க்காரர்களோ இது பேய் வேலை என்று பயந்து வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்! மறு ஆண்டு அமெரிக்காவில் சார்லஸ் பிரஷ் என்பவர் தன் வீட்டுக் கொல்லையில் இன்னும் பெரிதாக ஒன்றைக் கட்டினார். அதற்கு எத்தனை இறக்கை தெரியுமா? 144. மரப்பலகைகளை வட்டமாக அடுக்கியது போல இருக்கும். நிறைய இறக்கை இருந்தால் நிறையக் காற்றைப் பிடிக்கலாம் என்று உனக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

அது சரியா என்று அளந்து பார்த்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

டென்மார்க் சின்ன நாடு. பரப்பளவில் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அங்கே ஆஸ்கோவ் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளி. அதில் பாடம் நடத்தியவர் பால் லா கூர். 1891இல் அரசாங்க உதவியோடு அந்தப் பள்ளியில் ஒரு காற்றாலை கட்டினார். நகரத்துப் பணக்காரர் வீட்டில் மின்விளக்கு எரியும்போது கிராமத்து ஏழை ஏன் இருட்டில் இருக்க வேண்டும் என்பது அவர் கவலை.

அவர் ஒரு காற்றுச் சுரங்கம் செய்தார். நீண்ட குழாய்க்குள் காற்றை ஊதி, நடுவில் சின்னச் சின்ன இறக்கை மாதிரிகளை வைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு சக்தி தருகிறது என்று அளந்தார். மின்சாரம் எடுப்பதற்குக் குறைவான இறக்கைகள் வேகமாகச் சுழல்வதே நல்லது என்று தெரிந்தது. 144 இறக்கை வேண்டியதே இல்லை!

ஆனால் காற்று நின்றுவிட்டால் விளக்கு அணைந்துவிடுமே? அதற்கும் ஒரு வழி செய்தார். காற்றாலை மின்சாரத்தைத் தண்ணீருக்குள் செலுத்தி அதை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தார். ஹைட்ரஜனைத் தொட்டியில் சேமித்து, அதைக் கொண்டு பள்ளிக்கூட விளக்குகளை எரித்தார். சில சமயம் ஹைட்ரஜனோடு கொஞ்சம் ஆக்சிஜன் கலந்துவிடும். உடனே படார்! பள்ளிக்கூட ஜன்னல் கண்ணாடிகள் சிதறும். பல தடவை புதுக் கண்ணாடி போட வேண்டியிருந்ததாம். அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அறிவியல் வகுப்பு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்!

எனக்கு லா கூரை மிகவும் பிடிக்கும். கண்ணாடி உடைந்ததற்காகச் சொல்லவில்லை. கண்டுபிடித்ததைத் தன் பையில் வைத்துக்கொள்ளாமல், கிராமத்து இளைஞர்களைக் கூட்டி, காற்றில் மின்சாரம் எடுப்பது எப்படி என்று 1904இல் வகுப்பே நடத்தினார். அந்த வகுப்பில் படித்தவர்களில் ஒருவர் யோஹானஸ் யூல்.

இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள். ஐம்பது ஆண்டுக்கு மேல் கழித்து, வயதான யூல், டென்மார்க்கின் தென்கோடியில் கெட்சர் என்ற கடலோர ஊரில் ஒரு காற்றாலையை எழுப்பினார். 1957இல் அது ஓடத் தொடங்கியது. 200 கிலோவாட். 24 மீட்டர் அகல வட்டம். மூன்று இறக்கை! புயலில் தறிகெட்டுச் சுழன்றால் இறக்கை நுனி தானாகவே திரும்பி வேகத்தை அடக்கிவிடும். பெரிய பழுது பார்க்கும் வேலை இல்லாமல் பத்து ஆண்டுகள் ஓடியது. ஆனால் அப்போது எண்ணெயும் நிலக்கரியும் மலிவு. காற்றாலை யாருக்கு வேண்டும்? 1967இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

1973இல் எண்ணெய் விலை கிடுகிடுவென ஏறியது. பணக்கார நாடுகளே திணறிப் போயின. அமெரிக்காவின் நாசா தெரியும்தானே? நிலவுக்கு ஆளை அனுப்பிய நாசா. அவர்கள் காற்றாலை செய்யும் வேலையில் இறங்கியபோது, கெட்சரில் நின்றுபோய்க் கிடந்த பழைய இயந்திரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். அதைப் பழுது பார்த்து மறுபடி ஓடவிட்டால் அளந்து பார்க்கலாமே என்று டென்மார்க்கைக் கேட்டார்கள். இரண்டு நாடும் சேர்ந்து அதை மீண்டும் சுழற்றி, எங்கே அதிர்கிறது, எங்கே அழுத்தம் விழுகிறது என்று அளந்தன. நிலவைத் தொட்டவர்கள் ஒரு கிராமத்து வாத்தியாரின் மாணவரிடம் பாடம் கேட்டார்கள். இதில் வெட்கம் என்ன இருக்கிறது? கேட்டவர்களையும் பாராட்டுகிறேன், கொடுத்தவர்களையும் பாராட்டுகிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருவோம். ஏன் மூன்று?

இரண்டு இறக்கை இருந்தால் செலவு குறையும். ஜெர்மனிக்காரர்கள் 1983இல் அப்படி ஒரு ராட்சசக் காற்றாலை கட்டினார்கள். குரோவியான் என்று பெயர். 100 மீட்டர் அகலம், 3 மெகாவாட், இரண்டே இறக்கை. பாவம், சில நூறு மணி நேரம்தான் ஓடியது. பழுது மேல் பழுது. சில ஆண்டுகளில் பிரித்தே எடுத்துவிட்டார்கள். அது ஒரேயடியாகப் பெரிதாகக் கட்டப்பட்டதும் ஒரு காரணம். இரண்டு இறக்கை இயந்திரங்களுக்கே உரிய தொந்தரவும் ஒன்று உண்டு. காற்று திசை மாறினால் காற்றாலை தலையைத் திருப்ப வேண்டும். இரண்டு இறக்கைகளும் மேலும் கீழுமாக நிற்கும்போது தலை சுலபமாகத் திரும்பும். இடமும் வலமுமாக நீட்டி நிற்கும்போது திரும்ப மறுக்கும். சுலபம், கஷ்டம், சுலபம், கஷ்டம் என்று மாறி மாறி வந்தால் இயந்திரம் உதறல் எடுக்கும். மூன்று இறக்கை எந்த நிலையில் நின்றாலும் எடை ஒரே சீராகப் பரவியிருக்கும். உதறல் அடங்கும். நான்கு வைத்தால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் கூடுதலாக வரும் மின்சாரம் கொஞ்சம்தான், ஆகும் செலவோ அதிகம். அதனால் மூன்று போதும்!

இப்போது யாராவது உன்னிடம் கேட்டால் விளக்கிச் சொல்வாய் அல்லவா?

ஜெர்மனிக்காரர்கள் தோற்றார்கள் என்று நினைத்துவிடாதே. இறக்கையின் அடிப்பகுதி முறியாமல் அச்சோடு எப்படிப் பிணைப்பது என்ற நல்ல வழியை முன்பே கண்டுபிடித்தவர் உல்ரிக் ஹியூட்டர் என்ற ஜெர்மன் பொறியாளர்தான். அந்த முறையைக் கொண்டுதான் டென்மார்க்கின் டிவிண்ட் என்ற இடத்தில் இருந்த பள்ளியில் ஆசிரியர்களும் மாணவர்களும் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களும் சேர்ந்து தங்கள் கையாலேயே ஒரு மாபெரும் காற்றாலை கட்டினார்கள். 1975இல் தொடங்கி 1978இல் சுழலவிட்டார்கள். வல்லுநர்கள் பலர் நம்பவே இல்லை. அது 40 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. சின்ன இறக்கை செய்யும் முறையையும் அந்தப் பள்ளிக்காரர்கள் மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள். அதை வைத்துத் தச்சர்களும் கொல்லர்களும் காற்றாலை செய்தார்கள்.

டென்மார்க்கில் காற்றாலை வைத்திருந்தவர்கள் இன்னொரு நல்ல பழக்கமும் வைத்திருந்தார்கள். யாருடைய காற்றாலை எவ்வளவு மின்சாரம் தந்தது, எது எங்கே உடைந்தது என்பதை மாதப் பத்திரிகையில் அச்சிட்டார்கள். உடைந்ததை மறைக்கவில்லை. அதைப் படித்தவர் தன் இயந்திரத்தில் அந்த இடத்தை முன்கூட்டியே பலப்படுத்திக்கொண்டார். 1978இல் ரிஸோ என்ற ஆராய்ச்சி நிலையத்தில் காற்றாலைகளைச் சோதித்துச் சான்று தர ஒரு பிரிவே தொடங்கினார்கள்.

ரிஸோ என்ற பெயரையும் நினைவில் வை. அது நம் ஊருக்கு வரப்போகிறது.

அதற்கு முன் ஒரு குட்டிக் கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் சக்தி எத்தனை மடங்காகும்? இரண்டு என்றுதானே சொல்வாய்? இல்லை, எட்டு! வேகம் இரட்டித்தால் ஒரு நொடியில் இறக்கையைத் தாண்டும் காற்று இரண்டு மடங்கு. ஒவ்வொரு பிடி காற்றின் ஆற்றலோ நான்கு மடங்கு. இரண்டு நான்கு எட்டு. ஆகவே காற்றின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டி அளந்துவிட்டால் மின்சாரக் கணக்கு மூன்றில் ஒரு பங்கு தப்பிவிடும். காற்றாலை நடுவதற்கு முன்னால் காற்றை ஒழுங்காக அளக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது இப்போது புரிகிறதா?

நம் நாட்டில் அந்த வேலையைச் செய்த ஒரு பெரியம்மாவைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். அவர் பெயர் அன்னா மணி. 1918இல் கேரளத்தின் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டார் வைரத்தோடு கொடுத்தபோது, அது வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா வாங்கித் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்ட குழந்தை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். 1945இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனார். அங்கே வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார்.

1948இல் ஊர் திரும்பி வானிலைத் துறையில் சேர்ந்தார். அப்போதெல்லாம் சாதாரண வானிலைக் கருவிகூட வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். அவற்றை நாமே செய்வோம் என்று இறங்கினார். கிட்டத்தட்ட 100 கருவிகளுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுத்தார். லண்டனில் கற்றது பூனாவில் இருந்த பட்டறைக்கு இறங்கியது. பணி ஓய்வு பெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் எங்கெங்கே எவ்வளவு வெயில் விழுகிறது, எங்கெங்கே எவ்வளவு காற்று வீசுகிறது என்று தொகுத்து நூல்களாக வெளியிட்டார். காற்றைப் பற்றிய தொகுப்பு 1983இல் வந்தது. பிறகு நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களில் கம்பம் நட்டு, காற்றுமானி பொருத்தி அளக்கும் பணியையும் முன்னின்று நடத்தினார்.

அளந்து பார்த்தபோது, தமிழ்நாட்டின் தென்பகுதி பளிச்சென்று தெரிந்தது. காரணம் மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து மலையில் மோதும். உயர்ந்த மலையைத் தாண்டுவது கடினம். ஆனால் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு போன்ற இடங்களில் மலையில் இடைவெளி இருக்கிறது. அகலமாக வந்த காற்று அந்தக் குறுகிய வழியில் நெருக்கியடித்து நுழையும்போது வேகம் பிடிக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

1980களின் நடுவில் தூத்துக்குடிப் பக்கத்தில் சோதனைக்காகக் காற்றாலைகள் எழுந்தன. 1990 வாக்கில் டென்மார்க் அரசின் உதவியோடு குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் காற்றாலைப் பண்ணைகள் அமைந்தன. லா கூரின் ஊர்க்காரர்கள் செய்த இறக்கைகள் நம் பனங்காட்டில் சுழன்றன.

எல்லாம் சுகமாக நடந்ததா? இல்லை கண்ணே. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படி.

டென்மார்க்கில் குளிர்காலத்தில் காற்று பலம். நமக்கோ வைகாசி முதல் புரட்டாசி வரைதான் காற்று சீசன். அங்கே குளிர், இங்கே வெயில், தூசி. அங்கே மின்கம்பி வலுவானது. இங்கே அந்தக் காலத்தில் மின்வெட்டு அடிக்கடி வரும். அப்போதிருந்த காற்றாலை ஜெனரேட்டர்களுக்கு ஒரு குணம் உண்டு. கம்பியில் ஏற்கெனவே மின்சாரம் இருந்தால்தான் அவை மின்சாரம் தரும். கம்பியில் மின்சாரம் போய்விட்டால் காற்று எவ்வளவு அடித்தாலும் காற்றாலை நின்றுவிட வேண்டியதுதான். நல்ல இயந்திரம், நல்ல காற்று, ஆனாலும் இறக்கை சும்மா நிற்கும்!

கப்பலில் இயந்திரத்தை அனுப்பினால் மட்டும் போதாது என்று எல்லோருக்கும் அப்போது தெரிந்தது. நம் காற்றுக்கு, நம் வெயிலுக்கு, நம் மின்கம்பிக்கு எது பொருந்தும் என்று சோதிக்க நம் ஊரிலேயே ஆட்கள் வேண்டும், கருவிகள் வேண்டும், அந்த அறிவு வேண்டும். என்னைக் கேட்டால், நாடுகள் ஒன்றுக்கொன்று கொடுக்கக்கூடிய உதவிகளில் இதுதான் உயர்ந்தது. இயந்திரம் இருபது இருபத்தைந்து ஆண்டில் தேய்ந்துவிடும். சோதிக்கக் கற்றுக்கொண்டவர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பார்.

1998இல் சென்னையில் காற்று ஆற்றலுக்கென்று ஒரு தேசிய மையம் பிறந்தது. பள்ளிக்கரணையில் இருக்கும் அதை இப்போது தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் என்கிறார்கள். அதற்குத் தோள் கொடுத்தவர்கள் யார்? நினைவில் வைக்கச் சொன்னேனே, அதே ரிஸோ! கயத்தாறில் காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையம் டென்மார்க் உதவியோடு அமைந்தது. ஆமாம், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட அதே கயத்தாறுதான். அங்கே காற்றாலைகளை நிறுத்தி, எந்த வேகக் காற்றில் எவ்வளவு மின்சாரம் வருகிறது, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று நம் பொறியாளர்களே அளக்கிறார்கள்.

பிறகு இந்திய நிறுவனங்களும் வெளிநாட்டு நிறுவனங்களும் சேர்ந்து இங்கேயே பாகங்கள் செய்தன. நம் மிதமான காற்றுக்கு ஏற்ப நீளமான இறக்கைகள் வந்தன. இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் நீண்ட வண்டியில் ஒரே ஒரு இறக்கை ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பாய். இன்று தமிழ்நாட்டில் நடப்பட்டுள்ள காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கெட்சர் இயந்திரத்தைப் போல 50,000 இயந்திரங்கள் இருந்தால்தான் அந்த அளவு வரும்.

பள்ளிக்கரணை நிறுவனத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவின் பிற நாடுகளிலிருந்தும் பொறியாளர்கள் அங்கே பயிற்சிக்கு வருகிறார்கள். காற்றை அளப்பது எப்படி, எங்கே நடுவது, எப்படிப் பராமரிப்பது என்று நம்மவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1904இல் ஆஸ்கோவ் பள்ளியில் தொடங்கிய வகுப்பு இன்னும் முடியவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாடுகள் எல்லாவற்றையும் இப்படித் தாராளமாகக் கொடுத்துவிடுகின்றனவா? அதுதான் இல்லை. காப்புரிமை என்று ஒன்று உண்டு. ஒரு புதிய கருவியைக் கண்டுபிடித்தவர் அதைப் பதிவு செய்தால், சுமார் 20 ஆண்டுகளுக்கு மற்றவர்கள் அவர் அனுமதி இல்லாமல் அதைச் செய்ய முடியாது. உழைத்தவருக்குப் பலன் வேண்டும், அது நியாயம். ஆனால் ஏழை நாட்டுக்காரர் அந்த அனுமதிக்குப் பணம் கட்ட முடியாமல் பழைய நிலக்கரியையே எரித்தால் என்ன ஆகும்? அந்தப் புகை எல்லோர் தலைமேலும்தான் சேரும். பருவநிலை மாநாடுகளில் வளரும் நாடுகள் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. கரியை எரித்து முதலில் பணக்காரர் ஆன நாடுகள் முதலில் கை நீட்டிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சியும்.

கொஞ்சம் வழி பிறந்திருக்கிறது. 2010இல் மெக்சிகோவின் கான்கூன் நகரில் கூடிய நாடுகள், தொழில்நுட்பத்தைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும் என்று முடிவு செய்தன. அதன்படி அமைந்த ஐக்கிய நாடுகளின் தொழில்நுட்ப மையம் டென்மார்க் தலைநகரான கோபன்ஹேகனில் இயங்குகிறது. ஒரு நாடு, எங்களுக்கு இந்தப் பிரச்சினை, வழி காட்டுங்கள் என்று கேட்டால், அந்த மையம் தகுந்த வல்லுநர்களைத் தேடிச் சேர்த்துவைக்கும். தேவையோடு ஒப்பிட்டால் இது சின்ன முயற்சிதான். இன்னும் எவ்வளவோ பெரிதாக வேண்டும்.

நம் கடலிலும் ஒரு வேலை தொடங்கியிருக்கிறது. 1991இல் டென்மார்க்காரர்கள் விண்டெபி என்ற இடத்தில் கடலுக்குள் 11 காற்றாலைகளை நட்டு, உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையை அமைத்தார்கள். கடலில் மரமும் மலையும் குறுக்கே நிற்காது, காற்று சீராக வீசும். மன்னார் வளைகுடாப் பக்கம் அப்படி நட முடியுமா என்று இந்தியாவும் டென்மார்க்கும் சேர்ந்து ஆராய்ந்துவருகின்றன. மீனவர்கள் வலை போடும் இடம் எது, பவளப்பாறை எங்கே, கப்பல் போகும் வழி எது என்றெல்லாம் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு நட்டுவிடக் கூடாது. கடலில் போய் வருகிறவர்களைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது.

இனி உனக்கு ஒரு வேலை. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்து ‘குளோபல் விண்ட் அட்லஸ்’ என்ற உலகக் காற்று வரைபடத்தை இணையத்தில் வைத்திருக்கின்றன. காசு கிடையாது, யாரும் பார்க்கலாம். ஆசிரியரிடமோ அக்காவிடமோ சொல்லித் திறக்கச் சொல். உன் ஊரைத் தேடு. 100 மீட்டர் உயரத்தில் சராசரிக் காற்று நொடிக்கு எத்தனை மீட்டர் என்று குறித்துக்கொள். அடுத்து முப்பந்தலைத் தேடு. அதன் பிறகு டென்மார்க்கின் கெட்சரைத் தேடு. மூன்று எண்களையும் தாளில் எழுது. ஒவ்வொன்றையும் அதே எண்ணால் இரண்டு தடவை பெருக்கு. எடுத்துக்காட்டாக, 5 என்றால் 5 × 5 × 5 = 125. 8 என்றால் 8 × 8 × 8 = 512. எட்டில் வீசும் காற்றில் ஐந்தில் வீசும் காற்றைப் போல நான்கு மடங்கு சக்தி இருப்பது இப்போது தெரிகிறதா? சராசரியை வைத்துப் போடுவதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் நல்ல தொடக்கம். உன் ஊரைப் போல கெட்சர் எத்தனை மடங்கு, முப்பந்தல் எத்தனை மடங்கு என்று கண்டுபிடித்து, வழிமுறையோடு ஒரு அஞ்சலட்டையில் எழுதி நம் பத்திரிகைக்கு அனுப்பு. ஊர்ப் பெயரைப் போட மறந்துவிடாதே.